பதினோராவது நிமிடத்து இருமல்

சாவி காணாமல் போவது நின்று ஆறு மாதம் ஆன பிறகுதான், அது ஏன் நின்றது என்று இசைத்தட்டுக் கடை வைத்திருந்த தட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார்.

அவருடைய கோட்டின் வலது பையில் ஓர் ஓட்டை இருந்தது. கடைச் சாவியை அதில்தான் போடுவார். அது ஓட்டை வழியாக நழுவி, உள்துணிக்குள் இறங்கி, முதுகுப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு முறையாவது பூட்டிய கடை முன்னால் நின்று தன் இடுப்பையும் முதுகையும் தானே தட்டித் தட்டிப் பார்ப்பார். "என்ன சார், சட்டைக்குள்ள எறும்பா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்பார். பிறகு ஒரு நாள் அந்தக் கூத்து நின்றுவிட்டது. போட்ட இடத்திலேயே சாவி இருந்தது. ஓட்டை தானாக மூடிக்கொள்ளாது என்பதுகூட அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் பையில் சேர்ந்த தூசியை உதறுவதற்காக அதை வெளியே இழுத்தார். அடியில் பொடிப் பொடியாகத் தையல். உள்துணியின் நிறத்திலேயே நூல். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். வெயில் நாட்களில் கோட்டைக் கழற்றி வாசல் நாற்காலியில் போடுவது அவர் வழக்கம். அதை எடுத்துத் தைத்து, மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பப் போடக்கூடிய ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பட்டன் அக்கா.

தட்டுக்காரர் எழுந்து போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். பத்தே எட்டு. ஆனால் போக முடியவில்லை. அந்த அம்மாளிடம் பேசக்கூடாததை எல்லாம் அதற்குள் பேசி முடித்திருந்தார்.

பட்டன் அக்காவின் கடை என்றால் ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மேசை, தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு, பட்டன்கள் நிறைந்த ஏழு பிஸ்கட் டப்பாக்கள். அறுந்த பட்டன், மாட்டிக்கொண்ட ஜிப், தரையில் இழுபடும் கால்சட்டை, இவைதான் வேலை. நூல் கோக்கும் முன் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். "ஊசிக்கும் ஜபமாக்கா?" என்று யாராவது சீண்டினால், "ஓட்டை எவ்வளவு சின்னது பாரு. அவன் தயவு இல்லாம நுழையுமா?" என்பார். தன்னைவிட ஒரு நாள் இளையவராக இருந்தாலும் எல்லோரும் அவருக்குத் தம்பி, தங்கச்சிதான். தட்டுக்காரர் அவரைவிட ஆறு வயது இளையவர். அதனால் அவரும் தம்பி. தட்டுக்காரருக்கு அது பிடிக்காது. படித்தவர்கள் நாலு பேர் வந்து போகிற கடை. வாசலில் ஒரு தையல்காரம்மா "தம்பி, தபால் வந்திருக்கு" என்று கூவினால் எப்படி இருக்கும்? அவர் பதிலுக்கு "ஏம்மா" என்று மட்டுமே கூப்பிடுவார்.

ஊசி நூலுக்கு வருவதற்கு முன் அக்கா இசைத்தட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அங்கே அவர் வேலை கேட்பது. ஆமாம், கேட்பதேதான் வேலை. அச்சில் வார்த்து வரும் தட்டுகளில் நூற்றுக்கு ஒன்று ஒரு சின்ன அறைக்கு வரும். காதில் ஹெட்போன், எதிரே கடிகாரம், மடியில் ஒரு தாள். தட்டு ஓடும்போது எங்காவது ‘டிக்’ என்றால், எந்த நிமிடத்தில் என்று குறிக்க வேண்டும். தாளில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘தட்டில்’. இன்னொன்று ‘ஆளில்’. தட்டில் குறை என்றால் அந்த நூறையும் ஒதுக்கிவிட வேண்டும். வாசித்தவர் இருமினார், நாற்காலி கிறீச்சிட்டது, தாள் கீழே விழுந்தது என்றால் அது ஆளில் உள்ளது. விட்டுவிடலாம்.

தாளில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அதனால் கேட்கிற பெண்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ‘நாற்காலித் தட்டு’. ‘மூக்குறிஞ்சித் தட்டு’. ‘தும்மலை அடக்கின தட்டு’. உலகம் எழுந்து நின்று கைதட்டிய வித்வான்களை எல்லாம் அந்த அறையில் மூக்கையும் நாற்காலியையும் வைத்துத்தான் அடையாளம் தெரியும். தொழிற்சாலை மூடிய அன்று ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். "காதையும் கழட்டித் தரணுமான்னு கேட்டேன். அது வேணாம்னுட்டாங்க" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். கணவர் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். ஒரே மகள். தையலில் அவளைப் படிக்க வைத்து, வேறு ஊரில் கட்டிக் கொடுத்தார்.

இதை எல்லாம் தட்டுக்காரர் அரைக்காதில் கேட்டிருக்கிறார். காது கொடுத்துக் கேட்டதில்லை.

அவர் கடை படிக்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம். முன்னறையில் பழைய இசைத்தட்டு விற்பனை. பின்னறையில்தான் அவர் பெயர் வாங்கிய வேலை. லேபிள் கிழிந்தது, உறை போனது, யார் வாசித்தது என்றே தெரியாதது, இப்படி ஊர் ஊராக அவருக்குத் தட்டுகளை அனுப்புவார்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பூதக்கண்ணாடியால் படிப்பார். ஓரத்தை விரலால் தடவுவார். மோந்துகூடப் பார்ப்பார். பிறகு பின்னறை மெஷினில் ஓடவிட்டு இசைக்கவையைத் தட்டுவார். தட்டினால் ஒரே ஒரு சுரத்தை மட்டும் ரீங்கரிக்கும் இரும்புக் கவை அது. தட்டின் சுருதி அதோடு ஒத்துப் போகிறதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்து, எந்த இடத்தில் பதிவானது என்று சொல்லிவிடுவார். "என் மெஷின் பொய் சொல்லாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம்.

அந்த நம்பிக்கையில்தான் டீச்சரம்மா அவரிடம் வந்தார். பியானோ சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியும் முதுகு வளையாதவர். அவருடைய அண்ணன், காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோவை வாசித்தவர். இருபத்தாறு வயதில் நெஞ்சுச் சளி முற்றி இறந்துவிட்டார். அண்ணன் வாசித்த குழு ஒரு பழைய மண்டபத்தில் கூடும். அங்கிருந்த ஆர்கன் உலகத்து ஆர்கன்களைவிட அரைச் சுரம் ஏறியிருக்கும். அது காற்றுக் குழல்களால் ஒலிக்கிற வாத்தியம், அதை இறக்க வழியில்லை. மற்றவர்கள்தான் தங்கள் கம்பிகளை முறுக்கி ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் குழு ஒரே ஒரு தட்டு வெளியிட்டது. சில பிரதிகள்தான். வீட்டில் இருந்த ஒன்றும் வீடு மாறியபோது போய்விட்டது. நாற்பது வருடமாக டீச்சரம்மா அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இது பழைய சாமான் பெட்டி ஒண்ணுல கிடைச்சுது. செல்லோவும் ஆர்கனும்தான். அண்ணனோடதுதானான்னு மட்டும் சொல்லிடுங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவன் வாசிக்கிறதைக் கேக்கணும்" என்றார்.

வெள்ளை லேபிள். ஓர் எழுத்துக்கூட இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கொக்கி, பக்கத்தில் இரண்டு புள்ளிகள். வளையத்தில் இருந்த எண் தட்டுக்காரரின் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு வாரம் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஏழாம் நாள் இசைக்கவையைத் தட்டினார். கவைக்கு மேலே, சரியாக அரைச் சுரம் ஏறி, ஆர்கன் நின்றது.  டீச்சரம்மாவுக்கு உடனே ஆள் அனுப்பினார்.

டீச்சரம்மா பின்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டார். முதல் பக்கம் பாதி ஓடியபோது, ஒரு மெதுவான பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், யாரோ இருமினார்கள். சின்ன இருமல். வாயைப் பொத்திக்கொண்டு இருமியது.

"அண்ணன்!" என்றார் டீச்சரம்மா.  "இப்படித்தான் இருமுவான். வாயைப் பொத்திக்கிட்டு. கடைசி வருஷம் முழுக்க இப்படித்தான் இருமினான்."

அப்போது பட்டன் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். டீச்சரம்மாவின் குளிர் கோட்டுக்குப் பட்டன் தைத்துக் கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு வாரமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனதில் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"தம்பி" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க தட்டு. இருமல் தட்டு. நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். இந்த இருமல் சரியா பதினொண்ணாவது நிமிஷம் முடியறப்ப வரணும். இங்க பத்தரைக்கு முன்னாடியே வந்துடுது. படிக்கட்டுக் கடிகாரத்துல பாத்தேன். உங்க மெஷின் கொஞ்சம் ஓட்டமா ஓடுதோ என்னமோ..."

தட்டுக்காரரின் முகம் சிவந்தது. டீச்சரம்மா எதிரில், அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்த பெரிய விஷயத்தின் நடுவில், பட்டன் தைக்கிற அம்மாள் அவருடைய மெஷினைக் குறை சொல்கிறாள்.

"ஏம்மா, உனக்கு இதைப் பத்தி என்ன தெரியும்? நாலாங்கிளாஸ் படிச்சுட்டு எனக்குச் சுருதி சொல்லித் தர்றியா? அங்க உக்காந்து குப்பை ஒதுக்கினவதானே நீ. ஊசி நூலோட நிறுத்திக்க. அப்புறம், நான் உனக்குத் தம்பியும் இல்ல, தமையனும் இல்ல."

வயதில் மூத்தவரை நீ, வா என்று பேசிவிட்டார். அறையில் செல்லோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கோட்டை நாற்காலி முதுகில் போட்டு, சுருக்கத்தை நீவினார்.

"சரிங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து அவர் சார்தான். தபால் வந்தால் "சார், தபால்". மழை வந்தால் "சார், வாசல்ல நனையுது". தட்டுக்காரர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும், செருப்புக்குள் சிறு கல் கிடப்பது போல் இருந்தது. அந்த வாரம்தான் கோட்டுப் பையில் தையலையும் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து டீச்சரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். "எங்க வீட்டு மெஷின்ல போட்டா, ஆர்கன் என் பியானோவோட சரியா ஒத்துப் போகுதே? ஏறியில்ல இருக்கணும்?"

தட்டுக்காரர் கருவிப் பையோடு போனார். அந்த நேரத்தில் அவர் மனதில் கொசு போல ஒரு சந்தேகம் வந்து போனதை மறைப்பதற்கில்லை. அதை விரட்டிவிட்டார். "உங்க மெஷினுக்கு வயசாயிடுச்சு டீச்சரம்மா. மெதுவா ஓடுது" என்றார். சுழல்தட்டைத் தூக்கி, அடியில் மோட்டார் முனையில் உள்ள சின்னப் பித்தளைச் சக்கரத்தில் கறுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். சக்கரம் பருத்தால் தட்டு வேகமாகச் சுழலும். வேகமாகச் சுழன்றால் சுருதி ஏறும். இப்போது ஓடவிட்டார். பியானோவுக்கு மேலே அரைச் சுரம் ஏறி ஆர்கன் நின்றது.

"பாத்தீங்களா?"

"ஆமா" என்றார் டீச்சரம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் என் பியானோவை நம்பிட்டேன் பாருங்க."

உறவுக்காரர்களையும் பழைய மாணவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அழைத்தார். எல்லோரும் அண்ணன் வாசிப்பைக் கேட்க வேண்டும். தட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நாலு வார்த்தை பேச வேண்டும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, பின்னறை மெஷினில் பெல்ட் நழுவியது. தட்டுக்காரர் சுழல்தட்டைத் தூக்கினார். அடியில், மோட்டார் முனைச் சக்கரத்தில், கறுப்பு டேப் இரண்டு சுற்று.

அவர் கையால் சுற்றியதுதான். போன மழைக்காலத்தில் பழைய பெல்ட் தொளதொளத்துத் தட்டு தூங்கி வழிந்தபோது, புது பெல்ட் வரும் வரைக்கும் ஒப்பேற்றச் சுற்றியது. புது பெல்ட் வந்தது. மாட்டினார். அந்த நேரம் யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். டேப்பைப் பிரிக்க மறந்துவிட்டார். பின்னறை மெஷினில் அவர் முன்பின் தெரியாத தட்டுகளை மட்டுமே போடுவார். அதனால் வேகம் மாறியது காதில் விழவே இல்லை. எத்தனை பேர் மெஷினைப் பிரித்துப் பார்த்துக் குறை சொன்னவர்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

டேப்பைப் பிரித்தார். பசை விரலில் ஒட்டியது. டீச்சரம்மாவின் தட்டு அவர் வீட்டில் இருந்தது. அதன் ஒரு நகலை ஒலிநாடாவில் எடுத்து வைத்திருந்தார், அதுவும் இதே ஏறிய வேகத்தில் எடுத்தது, உதவாது. எங்கே பதிவானது என்று தனக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஆர்கன் தட்டு ஒன்றைப் போட்டார். கவையைத் தட்டினார். இரண்டும் ஒன்றோடொன்று அப்படியே ஒட்டிக்கொண்டன. டேப்பை மறுபடி சுற்றிப் பார்த்தார். அரைச் சுரம் ஏறி நின்றது. அந்த டேப் போட்டால் உலகத்தில் உள்ள எந்த ஆர்கனும் அந்த மண்டபத்து ஆர்கன்தான்.

 தெரியாமல் சொன்னது ஒன்று. அதைவிட, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டீச்சரம்மாவின் மெஷினில் தன் தப்பைக் கொண்டுபோய்ச் சுற்றி வைத்துவிட்டு வந்தது இன்னொன்று. தொலைபேசி பக்கத்திலேயே இருந்தது. ஒரு முறை எடுத்து வைத்தார். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, இப்போது சொன்னால் அந்த அம்மாள் நெஞ்சு தாங்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் காப்பாற்ற நினைத்தது யாருடைய நெஞ்சை என்று கடவுளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை போனார். பேசவும் பேசினார். கவை, ஆர்கன், அரைச் சுரம் என்று வரிசையாகச் சொன்னார். நாக்கு பழக்கத்தில் தானாக ஓடியது. முப்பது பேர் கைதட்டினார்கள். டீச்சரம்மா அண்ணனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தட்டு ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் கதவருகே பட்டன் அக்காவைப் பார்த்தார். ஜன்னல் திரைகளுக்கு மடிப்புத் தைத்துக் கொடுத்ததால் டீச்சரம்மா அவரையும் அழைத்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, துவைத்து இஸ்திரி போட்ட சேலையில், சுவரோடு சுவராக நின்றிருந்தார். செல்லோ மெதுவாக இறங்கி அடங்கியது. இருமல் வந்தது. கூட்டத்தில் யாரோ விம்மினார்கள்.

அக்காவின் கண் மட்டும் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

அவ்வளவுதான். அவர் தட்டுக்காரரைப் பார்க்கவும் இல்லை. தட்டுக்காரருக்குத் தான் முப்பது பேர் நடுவில் துணி இல்லாமல் நிற்பது போல் இருந்தது. கொடுத்த தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மூன்று நாள், படிக்கட்டுப் பக்கம் வராமல், குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய் வந்தார். நாலாம் நாள் முன்வாசலில் வந்து, அக்காவின் மேசை முன்னால் நின்றார்.

"பின்வாசல்ல என்ன சார், பூனையோட போட்டியா?" என்றார் அக்கா, தலை நிமிராமல். வாயில் நூல்.

"மெஷின்ல டேப் இருந்துச்சு" என்றார் தட்டுக்காரர். "நான் சுத்தினது. மறந்துட்டேன். அவங்க மெஷின்லயும்..." 

அக்கா நூலைக் கடித்து அறுத்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க ஒரு படி மேல போய், அடுத்தவங்க கூடத்தையே கோணலாக்கிட்டு வந்திருக்கீங்க."

"தெரிஞ்சுதானே அங்க நின்னீங்க? ஏன் ஒண்ணும் சொல்லல?"

முதல் தடவையாக அவர் வாயில் மரியாதை வந்திருந்தது. அக்கா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"ஒரு தடவை சொன்னேன். குப்பை ஒதுக்கினவன்னு சொன்னீங்க. மறுபடி அத்தனை பேர் நடுவுல நான் சொல்லி, அந்தம்மா உங்களையும் பாக்கணும், என்னையும் பாக்கணும், அண்ணன் படத்தையும் பாக்கணுமா? அது நீங்க சொல்ல வேண்டியது. நான் சொன்னா கோள்." கொஞ்ச நேரம் ஒரு பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொய் சொல்லக்கூடாது, எனக்கும் ஆத்திரம் இருந்துச்சு. நல்லா மாட்டட்டும்னு நெனச்சேன். அதுக்கும் சேத்துத்தான் ராத்திரி மன்னிப்புக் கேட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்ட இல்ல" என்று மேலே கையைக் காட்டினார்.

பிறகுதான் அந்தப் பென்சில் கொக்கியைப் பற்றிச் சொன்னார். பூதக்கண்ணாடி வைத்துத் தட்டுக்காரர் ஒரு வாரம் ஆராய்ந்த கொக்கி. அது அக்கா போட்டது. வெள்ளை லேபிள் தட்டு என்றால் கேட்பு அறைக்கு வரும் மாதிரித் தட்டு. கொக்கி போட்டால் ‘சரி, போகலாம்’. பக்கத்தில் எத்தனை புள்ளியோ, அத்தனை இடத்தில் ஆளின் சத்தம். முதல் பக்கத்தில் இருமல். இரண்டாம் பக்கத்தில் தாள் விழுவது. தன் கையெழுத்தைத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தார் என்பது, வாசலில் நின்று வெள்ளை லேபிளைப் பார்த்த அன்றே அக்காவுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்.

"கூட வர்றீங்களா?" என்று தட்டுக்காரர் கேட்டார். "தனியாப் போனா நான் பாதி வழியில திரும்பிடுவேன்."

"அது தெரிஞ்சுதான் செருப்பை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், சார்."

டீச்சரம்மா வீட்டில் தட்டுக்காரர் உட்காரவில்லை. சுழல்தட்டைத் தூக்கி, டேப்பைப் பிரித்து, உருண்டையாக்கிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்தார். டீச்சரம்மா எழுந்து போய்த் தட்டை ஓடவிட்டு, பியானோவில் ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். ஒத்துப் போனது. கையை எடுக்காமல் அழுத்தியபடியே நின்றார். அந்தச் சத்தம் மெல்ல மெல்லச் செத்தது.

பதினோராவது நிமிடத்தில் இருமல் வந்தது.

"அப்போ இருமினது யாரு?" என்றார் டீச்சரம்மா.

 பட்டன் அக்காதான் சொன்னார். "ஒரு பொம்பளைதான்மா. நல்ல பருமன். ஆர்கன் சொல்லித் தர்ற பள்ளிக்கூடம் ஒண்ணு அவங்க பிள்ளைங்களுக்காக இந்தத் தட்டைப் போட்டுக்கிச்சு. அந்தம்மா அங்க டீச்சர், செல்லோ வாசிச்சாங்க. பதிவு அன்னிக்கு ஜலதோஷம். மறுபடி வாசிக்கிறேன்னாங்களாம், முதலாளி ஒத்துக்கல. மாதிரித் தட்டு வந்த அன்னிக்கு நேரா எங்க அறைக்கே வந்துட்டாங்க. ‘ரொம்ப அசிங்கமா இருக்கா?’ன்னு என்னைக் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லம்மா, பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கிற மாதிரி இருக்குன்னேன்."

டீச்சரம்மா பியானோ மூடியை மெல்ல இறக்கினார். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். பிறகு கேட்டார்: "எங்க அண்ணன் தட்டு உங்க கைக்கு எப்பவாவது வந்துச்சா? அரைச் சுரம் ஏறினது?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த வீடு அன்றைக்குச் சிரித்திருக்கும். அக்கா கொஞ்சம் யோசித்தார். "இல்லம்மா. என் காதுக்கு வரல."

டீச்சரம்மா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க தெரியாம சொன்னதுக்கு எனக்குக் கோபம் இல்ல. இந்தம்மா அன்னிக்கே சொன்னாங்க, நானும்தான் காதுல வாங்கல. ஆனா என் வீட்டுக்கு வந்து, என் மெஷின்ல டேப் சுத்தினீங்களே. நாப்பது வருஷம் சொல்லிக் கொடுத்த பியானோவை என்னையே நம்ப விடாம பண்ணிட்டீங்களே. நீங்க போகலாம்."

அவர் போனார். அக்கா உள்ளேயே இருந்தார். படியிறங்கும்போது தட்டு மறுபடி முதலிலிருந்து ஓடுவது கேட்டது.

தட்டுக்காரர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேட்டார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. எல்லாம் அக்கா சொன்னபடியே. ஜலதோஷம்கூட. செல்லோ வாசித்த அம்மாளின் பெயரும் அதில் இருந்தது. படித்துக் காட்டியபோது அக்கா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேராத்தான் இருக்கு. பாவம், நாங்க இருமலம்மான்னே சொல்லிட்டிருந்தோம்." கடிதத்தைத் தட்டுக்காரர் டீச்சரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார். கதவு திறக்கவில்லை. அடியில் உள்ள சந்து வழியாகத் தள்ளிவிட்டு வந்தார். டீச்சரம்மா அதன் பிறகு கடைக்கு வரவே இல்லை. படிக்கட்டுக்குக் கீழே வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து தட்டுக்காரர் அதைக் கேட்பார். யாராவது தட்டு கொண்டுவந்தால், "எனக்குத் தோணுறது இது. தப்பாவும் இருக்கலாம்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். சிலர் அதனால் வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

அக்கா அவரிடம் நன்றாகத்தான் பேசினார். கேலி செய்தார். ஆனால் சார் மாறவில்லை. அவரும் அதை மாற்றச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டார். எந்த முகத்தோடு கேட்பது?

இரண்டு வருடம் கழித்து மகள் வந்து அக்காவைத் தன்னோடு கூட்டிப் போனாள். கண் மங்கிவிட்டது, ஊசிக் காது தெரியவில்லை. ஏழு பிஸ்கட் டப்பாக்களும் மேசையும் வண்டியில் ஏறின. ஸ்டூலைத் தட்டுக்காரரே தூக்கி வந்து ஏற்றினார். மகள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அக்கா ஏறுவதற்கு முன் படிக்கட்டின் அடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பல்பு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டுக்காரர் பல நாளாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள் இருந்தன. கோட்டுப் பை, குப்பை ஒதுக்கினவள் என்று சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அக்கா" என்றார். அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு மேல் உதடுதான் அசைந்தது.

அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்ட வந்து, மங்கிய கண்ணைச் சுருக்கி, கோட்டின் இடது பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பையும் நூல் விடுது, தம்பி" என்றார். "சாவியை இதுல போடாதீங்க."